முறைப்பாடு சொல்லத் தயங்குபவர்களுக்கு வீடு கொடுப்பது

வீடு பார்க்க வந்த அந்த அம்மா அறைகளைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனார். சமையலறைக் கதவைத் திறந்து, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டைக் கீழிருந்து உச்சிவரை ஒரு தடவை பார்த்தார். உச்சியில் நின்ற சவுக்கு மரம் நேராக நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும், ஐயா?" என்று கேட்டார். நான் கானைக் காட்டினேன். அது பாதி மண்ணால் நிரம்பியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

டித்வா புயலுக்குப் பிந்திய தை மாதம் அது. இலங்கையின் மலைநாட்டில், பண்டாரவளைக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்திருந்தோம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை மண்சரிவில் இழந்து, உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த குடும்பம் அது. நிரம்பிய கானை அவர் கவனித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "இதைத் துப்புரவாக்கித் தாருங்கள்" என்று கேட்கவில்லை. கேட்டால் வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அரசாங்க வாடகை உதவியோடு வரும் ஒரு குடும்பத்துக்கு வீட்டை ஒழுங்கு செய்வது பற்றிப் பேசும்போது நான் இந்த மௌனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் இழப்பு பெரும்பாலும் மண்சரிவால் வந்தது. வீட்டை முற்றாக இழந்தவர்களுக்குப் புதிய வீடு கட்ட 50 இலட்சம் ரூபாயும், இடைக்காலத்தில் வெளியே தங்குவதற்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாடகை உதவியும் அரசாங்கம் அறிவித்தது. வீடு கட்டி முடிய எவ்வளவு காலமாகும் என்பதற்கு நமக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, தப்பியவர்கள் புதிய வீட்டுச் சாவியைக் கையில் வாங்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அவர்களில் பலர் அந்தக் காலத்தைப் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கழித்தார்கள். ஆகவே வாடகை வீட்டை "நாலு நாள் தங்கிவிட்டுப் போகிற இடம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குள் ஒரு குழந்தை பிறக்கலாம், ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதலாம்.

இந்த விடயத்தில் மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த வாடகை உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. 'எட்டாம் பிரிவு' என்று அங்கே சொல்வார்கள். குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 வீதத்தைக் கொடுப்பார். மீதியை வீடமைப்பு அதிகார சபை நேரடியாக உரிமையாளருக்குச் செலுத்தும். ஆனால் முதல் சதம் கைமாறுவதற்கு முன்பே ஒரு பரிசோதகர் வீட்டுக்கு வந்துவிடுவார். மின்கம்பி, குழாய், யன்னல் பூட்டு, படிக்கட்டின் கைப்பிடி, புகை எச்சரிக்கைக் கருவி என்று ஒவ்வொன்றையும் பார்ப்பார். குடியேறிய பிறகும் பரிசோதனை தொடரும். உயிருக்கு ஆபத்தான குறை கண்டால் 24 மணி நேரத்துக்குள் திருத்த வேண்டும், மற்றவற்றை 30 நாளுக்குள். திருத்தாவிட்டால் கொடுப்பனவு நின்றுபோகும். அந்த ஏற்பாட்டின் நோக்கம் தெளிவானது. குடியிருப்பவரால் கேட்க முடியாததை அவருக்காக இன்னொருவர் கேட்கிறார்.

நம் ஊரில் அப்படி ஒருவர் கதவைத் தட்டுவதில்லை. கிராம சேவகர் குடும்பத்தை உறுதிப்படுத்துவார், பிரதேச செயலகம் தாள்களைப் பார்க்கும். யன்னல் பூட்டைப் பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. அந்த இடைவெளியை வீட்டுக்காரர்தான் நிரப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் லயத்தில் பிறந்தவன். எங்கள் காம்பராவின், அதாவது லயத்து அறையின், கூரைத் தகரம் இஸ்தோப்பு என்ற முன் திண்ணைப் பக்கமாக ஒழுகியது. அப்பா தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். அடுத்த மழைக்கும் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை அவர் போகவில்லை. ஒழுகும் இடத்தில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை மடித்துச் சொருகினார், அத்தோடு சரி. வீடு நம்முடையது அல்ல, கேட்டால் பொல்லாப்பு என்ற பாடம் ஒன்றரை நூற்றாண்டாகப் படிக்கப்பட்டது. அந்தப் பாடத்தோடு ஒரு குடும்பம் நகரத்து வாடகை வீட்டுக்குள் வருகிறது. அவர்கள் "எல்லாம் சரி" என்று சொன்னால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

எங்கே தொடங்குவது? சமவெளியில் ஒரு வீட்டுக்குக் கூரை முதல் என்பார்கள். மலையில் மண்மேடுதான் முதல். இங்கே பெரும்பாலான வீடுகள் சரிவை வெட்டித் தட்டையாக்கிய துண்டில் நிற்கின்றன. வெட்டிய பக்கத்தில் மேடு, எதிர்ப்பக்கத்தில் நிரப்பிய மண். இரண்டுமே தண்ணீர் ஊறினால் நகரக்கூடியவை. மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவரில் வரிசையாகச் சிறு குழாய்த் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறுவதற்கான வழி அவை. எங்கள் சுவரில் பதினொரு துளைகள். அவற்றில் ஏழு அடைபட்டிருந்தன. இரண்டு துளைகளை முந்தி வேலை செய்த மேசன் பாஸ் அழகுக்காகச் சீமெந்து பூசியே மூடியிருந்தார். மற்றவற்றில் மண்ணும் வேரும். ஒரு இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தபோது, நான்காவது துளையிலிருந்து கலங்கிய தண்ணீர் பீறிட்டுக் கொண்டு வந்தது. மழை விட்டு ஆறு நாட்கள் ஆகியிருந்தன. அந்த ஆறு நாளும் அவ்வளவு தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. நாங்களே அந்தக் கூரையின்கீழ்தான் தூங்கினோம்.

சுவரின் துளைகள், சுவருக்கு மேலே மழைநீரைத் திருப்பிவிடும் கான், கீழே அது போய்ச் சேரும் இடம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்க்க வேண்டும். நம் கானின் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் மேட்டில் விழுந்தால், நம் பாதுகாப்பு அவருடைய ஆபத்தாகிவிடும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், திடீரென இறுகிப்போன கதவு, புதிதாகத் தோன்றிய ஊற்று, இருந்த ஊற்று கலங்குவது அல்லது வற்றுவது போன்றவை மலை அசைவதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டை வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவிப்பதுதான் முறை. மண்சரிவில் தப்பிய குடும்பத்தை இன்னொரு மண்சரிவின் வாசலில் குடியமர்த்திவிட்டு வாடகை வாங்கக் கூடாது.

அந்த நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினால், சிவப்பு. அப்போது யோசிக்க நேரமில்லை, வெளியேற வேண்டும். வானொலி இந்த நிறங்களைச் சொல்லும்போது பிரதேச செயலகப் பிரிவைத்தான் சொல்லும், உங்கள் மேட்டைத் தனியாகச் சொல்லாது. அதனால் அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடிப் போத்தலை மரநிழலும் கூரையும் இல்லாத இடத்தில் நிறுத்தி, அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150 என்று நிறக்கோடு போட்டு வைத்தேன். இது நிறுவனத்தின் மானி ஆகாது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்க்க ஒரு கோடு இருக்கிறது. சமையலறைக் கதவின் உட்புறத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும், கிராம சேவகரின் தொலைபேசி எண்ணையும், வெளியேறினால் எந்தப் பாடசாலைக்குப் போவது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

வீட்டுக்குள் வந்தால் அடுத்த எதிரி ஈரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். பண்டாரவளை அவ்வளவு குளிர் இல்லையென்றாலும் மார்கழி, தை மாதங்களில் சுவர் வியர்க்கும். வாடகைக்கு விடுமுன் பலரும் செய்வது பூஞ்சணத்தின் மேல் ஒரு கை நிறப்பூச்சு. இரண்டு மாதத்தில் அது கருமையாக மேலே வந்துவிடும், பிள்ளைகளுக்கு இழுப்பும் வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். கூரையா, மேட்டை ஒட்டிய சுவரா, மூடியே கிடக்கும் யன்னலா? அதைத் திருத்தி, சுவரைக் காயவிட்டு, பிறகுதான் பூச்சு. கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் பாசியை உலர்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. நனைத்துத்தான் தொட வேண்டும், உடைந்த சீட்டை மாற்றிவிடுவது மேல்.

குளிர் நாட்டுக்கு உரிய இன்னொரு ஆபத்து கரி நெருப்பு. மூடிய அறைக்குள் சட்டியில் கங்கு வைத்துக்கொண்டு தூங்கினால், அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் விழிக்க மாட்டார். இதைக் குடும்பத்திடம் நேரில் சொல்ல வேண்டும். ஆனால் "விறகு எரிக்கக் கூடாது" என்று கட்டளை போடுவதை நான் ஏற்க மாட்டேன். மாதாமாதம் எரிவாயு வாங்க முடியாத குடும்பம் என்ன செய்யும்? இரகசியமாக உள்ளே அடுப்பு மூட்டும். அதைவிட, பின்பக்கம் மேட்டிலிருந்து தள்ளி, இரண்டு பக்கம் திறந்த ஒரு சிறு கூரையைப் போட்டு, ஒரு விறகு அடுப்பைக் கட்டிக் கொடுத்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எரிவாயு அடுப்பும் இருந்தால் குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாகப் போட்டுக் கொடுங்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் நடந்த எரிவாயு விபத்துகளை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மின்சாரத்தில் ஒரு சோதனை அரை நிமிடம்தான் எடுக்கும். மெயின் பெட்டியில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச்சில் சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வீடு முழுவதும் இருள வேண்டும். இருளவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது, அன்றே மாற்ற வேண்டும். ஈரச் சுவரும் பழைய கம்பியும் சேர்ந்த வீட்டில் இது உயிர் விடயம்.

தண்ணீர்த் தாங்கியைக் கழுவி மூடி போடுவது, மலசலகூடக் குழி யாருடைய ஊற்றுக்கும் மேலே இல்லை என்று உறுதி செய்வது, கதவுக்கு உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாள் ஆகியவை எல்லாரும் அறிந்தவைதான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வருபவர்களிடம் அலுமாரி இருக்காது. சுவரில் நாலைந்து கொக்கி, உடுப்புக் காயப்போட ஒரு கொடி, சாமிப் படம் வைக்க ஒரு சிறு தட்டு இருந்தால் முதல் இரவு வேறு மாதிரி இருக்கும். அந்த அம்மா வந்த அன்று ஒரு பையிலிருந்து முருகன் படத்தை எடுத்தார். கண்ணாடி இல்லை, சட்டம் மட்டும் இருந்தது. எங்கே ஆணி அடிக்கலாம் என்று கேட்கத் தயங்கி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தட்டைக் காட்டியதும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மின்மானி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் சண்டை மூள்வது பெரும்பாலும் இங்கேதான். ஒரே மானியில் இரண்டு குடும்பம் இருந்தால் பட்டியலைப் பாதியாகப் பிரிப்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டணக் கட்டமைப்பே மாறிவிடும். இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக 50 அலகு பாவித்தால் இரண்டுமே குறைந்த படியில் நிற்கும். ஒரே மானியில் அது 100 அலகாகக் கூடி, ஒவ்வோர் அலகும் விலை ஏறும். இரண்டு மின்குமிழும் ஒரு கைத்தொலைபேசி மின்னேற்றியும் வைத்திருக்கும் குடும்பம், வீட்டுக்காரரின் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுடுநீர்க் கருவிக்கும் சேர்த்துச் செலுத்திக்கொண்டிருக்கும். தனி மானிக்கு விண்ணப்பிப்பதுதான் சரியான வழி. அது வரும்வரை ஒரு துணை மானியைப் பொருத்தி, குடியேறும் நாளின் வாசிப்பை இருவருமாகப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.

இனித் தாள்கள். வீட்டுக்காரர்கள் எழுத்தில் எதுவும் கொடுக்கத் தயங்குவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கியது. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியது. வாடகைக்கு விட்ட வீடு திரும்பி வராது என்ற கதைகள் அந்தக் காலத்தவை. அந்தப் பயம் இன்றும் தலைமுறை தாண்டி நிற்கிறது. உண்மையில் இன்று வாய்ப்பேச்சுத்தான் வீட்டுக்காரருக்கு ஆபத்து. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், அப்படி முறையாக எழுதிய குத்தகை முடிந்தால் வீட்டை மீளப் பெறுவதற்கு விரைவான நீதிமன்ற வழியைத் தருகிறது. எழுதிக் கொடுப்பதால் காப்பாற்றப்படுபவர் இருவரும்தான்.

குடியிருப்பவருக்கு அந்தத் தாள் இன்னும் பெரியது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பல தலைமுறையாகத் தனி முகவரி இருந்ததில்லை, தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதம் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும் அல்லது வராது. வாடகை உதவி தொடரவும், பிள்ளையைப் புதிய பாடசாலையில் சேர்க்கவும், கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று பெறவும் ஒரு வீட்டு இலக்கம் வேண்டும். சிலர் வீட்டைக் கொடுத்துவிட்டு, "முகவரியை மட்டும் பாவிக்காதீர்கள்" என்று சொல்கிறார்கள். அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது. எங்கள் வீட்டு இலக்கத்தோடு 'கீழ்மாடி' என்று சேர்த்து ஒரு தகட்டில் எழுதி, வாசலில் தனித் தபால் பெட்டி வைத்தோம்.

வாடகையை எவ்வளவு என்று சொல்வது? உதவி 25,000 என்று தெரிந்ததும் 12,000க்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு 25,000 கேட்டவர்களை எனக்குத் தெரியும். அரசாங்கக் காசுதானே என்பது அவர்கள் நியாயம். உதவி நின்ற பிறகு அந்தத் தொகையை யார் கொடுப்பது? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 25,000 என்பது பதினெட்டரை நாள் கொழுந்தெடுப்பதற்குச் சமம். பிறகு சம்பளம் ஏறினாலும், அரிசியும் பஸ் கட்டணமும் அதற்கு முன்னால் நிற்கின்றன. ஆறு மாத முற்பணம் கேட்பதும் அப்படித்தான், வீடு புதைந்தவரிடம் அது எங்கே இருக்கும்? ஒரு மாத முற்பணம் போதும். உதவித்தொகை பிந்தி வரும் மாதங்களும் இருக்கும். எத்தனை வாரம் பொறுப்பது என்பதை முதலிலேயே பேசி ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால், பிந்துகிற மாதத்தில் அந்த அம்மா நம்மைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேற வேண்டியதில்லை. பணம் கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு கொடுப்பது கட்டாயம்.

நாங்கள் எழுதிய ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகள் இருக்கின்றன. உதவி கிடைக்கும் காலத்துக்கு ஒன்று, அது நின்ற மாதத்திலிருந்து அதைவிடக் குறைந்த இன்னொன்று. நொத்தாரிசு அதை வாசித்துக் காட்டியபோது அந்த அம்மாவின் கணவர் இரண்டாவது தொகையைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். கையொப்பமிட்டுவிட்டு வெளியே வந்ததும் அவர் முதல் தடவையாக ஒன்று கேட்டார். சமையலறை யன்னலின் கொளுக்கி ஒன்று தளர்ந்திருக்கிறது, காற்றடித்தால் அடித்துக்கொள்ளும், மாற்றித் தர முடியுமா என்று. அன்று பின்னேரமே மாற்றினோம்.